மலையகத்துக்குக் காலநிலை நிதி: கேள்வி பதில்

ஹட்டன்: பசுமைக் காலநிலை நிதியத்துக்கு எங்கள் சங்கம் நேரடியாக விண்ணப்பிக்கலாமா அக்கா?

முடியாது தம்பி. வளரும் நாடுகளின் காலநிலை வேலைகளுக்குக் காசு தரும், தென்கொரியாவின் சொங்டோவில் இருக்கும் அந்த நிதியம், தான் அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான் காசு விடும். அதற்கும் நம் சுற்றாடல் அமைச்சு ஆட்சேபனை இல்லை என்று கடிதம் தர வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடர் நீரேந்துப் பகுதிச் செயற்றிட்டம் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வழியாகத்தான் 2020இல் அங்கீகாரம் பெற்றது. தோட்ட மக்களும் அதில் பயனாளிகள். உங்கள் சங்கத்துக்குத் தோதானது, ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் நடத்தும் சிறு மானியத் திட்டம். சங்கப் பதிவு, வங்கிக் கணக்கு, கணக்கறிக்கை மூன்றையும் முதலில் சரி செய்யுங்கள்.

வலப்பனை: நம் பக்கம் இப்படி ஏதும் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்க உதவும் சர்வதேச நிதியமான இசைவாக்க நிதியத்தின் காசில், உலக உணவுத் திட்டம் வழியாக நடந்த மகாவலிப் படுகைச் செயற்றிட்டத்தில் வலப்பனையும் மெதிரிகிரியவும் இருந்தன.

பண்டாரவளை: வடிகால் கட்ட எழுதிய முன்மொழிவு, "காலநிலைக் காரணம் போதாது" என்று திரும்பி வந்துவிட்டது. என்ன குறை?

"மழை கூடிப்போச்சு" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். முப்பது வருட நாளாந்த மழை அளவை வைத்து, ஒரே நாளில் 100 மில்லிமீற்றருக்கு மேல் பெய்த நாட்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று காட்டுங்கள். ஆண்டு மொத்தம் அவ்வளவாக உதவாது. மண்சரிவை உண்டாக்குவது ஓரிரு நாளில் கொட்டும் மழை.

இதற்கான தரவு பல தோட்ட அலுவலகங்களில் மழைப் புத்தகமாகக் கிடக்கிறது. பிரதி எடுக்கும்போது நாலு இடத்தில் பிழை வரும். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஞாயிறு வெறுமையாகவும் திங்கள் பெரிய எண்ணாகவும் இருந்தால், அது இரண்டு நாள் மழை. வெறுமையான கட்டம் வேறு, பூச்சியம் வேறு. மழைமானி எப்போது மாறியது என்றும் விசாரியுங்கள்: 5 அங்குல மானிக்குரிய அளவுகுழாயால் 8 அங்குல மானியின் நீரை அளந்தால், மழை இரண்டரை மடங்காகத் தெரியும். பிரதி எடுத்த பிறகும் மூலப் புத்தகத்தைத் தூக்கி எறிய விடாதீர்கள்.

ஹப்புத்தளை: தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயன் அறை நூறு வருசத்துக்கும் மேலான பிரச்சினை. அதைக் காலநிலைக் கணக்கில் எழுதுவது பொய் இல்லையா?

நானுஓயா: அதில் என்ன பொய்? சரிவுக்குக் கீழே இருக்கும் லயன்தான் முதலில் மண்ணுக்குள் போகும். பழைய அநியாயம் என்பதற்காக இந்தக் காசும் கிடைக்கக் கூடாதா?

இருவர் சொல்வதும் சரி. அதனால்தான் செலவைப் பிரித்து எழுதச் சொல்கிறேன். நெரிசலுக்கான வீடு அரச, இந்திய வீடமைப்புத் திட்டங்களில் கேட்க வேண்டியது. அபாய வலயத்திலிருந்து குடிபெயர்ப்பு, சரிவு வடிகால், முன்னெச்சரிக்கை ஆகியவை காலநிலைச் செலவு. இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்தால் முழுதும் நிராகரிக்கப்படும்.

ஹப்புத்தளை: பிரித்தாலும் நிலம் யாருடையது? தோட்டம் சம்மதக் கடிதம் தராதே.

முன்மொழிவுகள் அதிகம் சாகும் இடம் இதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு அபாய அறிக்கையை முதலில் வாங்குங்கள். அதோடு பிரதேச செயலாளர் வழியாகத் தோட்டக் கம்பனிக்கு எழுதுங்கள். மாற்று நிலத்தையும் அதே நிறுவகம் பார்த்துச் சொல்ல வேண்டும். பராமரிப்புக்குப் பிரதேச சபையிடம் எழுத்தில் உறுதி கேளுங்கள். 2018 பிரதேச சபைச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தோட்டத்துக்குள் செலவழிக்க அவர்களுக்குச் சட்டத்தடை இல்லை.

கொஸ்லந்த: மழைமானி வாங்க மட்டும் நிதி கேட்கலாமா?

மானியை மட்டும் கேட்காதீர்கள். வாசிப்பவரின் கொடுப்பனவு, மின்கலம், தரவுக் கட்டணம், வருடாந்தச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். எண் வந்தால் யார் என்ன செய்வது என்பதும் எழுத்தில் வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 தாண்டினால், வெளியேற வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்து மீரியபெத்தையில், மண்சரிவு நடந்த 2014 ஒக்டோபர் 29க்கு முன்பே அபாயம் அறிவிக்கப்பட்டிருந்தது. போக இடமில்லாமல் எச்சரிக்கையால் என்ன பயன்? எந்த மண்டபம், யார் கதவைத் தட்டுவது, முதியவரை யார் தூக்குவது என்பதற்கும் வரவுசெலவில் ஒரு வரி போடுங்கள்.

மாத்தளை: குறைந்த வளர்ச்சி நாடுகள் நிதியம்?

இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

தலவாக்கலை: பசுமை நிதியத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி சொல்லுங்கள். ஒருவர் படிவம் நிரப்பித் தர முப்பதாயிரம் கேட்கிறார்.

ஹட்டன் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சிறு மானியத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது.

மஸ்கெலியா: எங்கள் மழைப் புத்தகத்தில் நடுவே நாலு வருசம் கரையான் அரித்துவிட்டது. சராசரி போட்டு நிரப்பவா?

வேண்டாம். நிரப்பியது தெரிந்தால் மிச்ச எண்களையும் நம்ப மாட்டார்கள். அந்த நாலு வருடத்தை வெறுமையாகவே விட்டு, வளிமண்டலவியல் திணைக்களத்திடமோ பக்கத்துத் தோட்டத்திலோ கிடைப்பதைத் தனி நிரலில் எழுதி, எங்கிருந்து வந்தது என்றும் குறிப்பிடுங்கள்.