மஞ்சள் வானத்தில் சோகம் இல்லை

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் 'பாரிஸ் தெரு, மழை நாள்' ஓவியத்தை விளக்கி இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். பிரேம் கடையில் கேன்வாஸ் படமும் விளக்கத் தாளும் சேர்த்து 4,500 ரூபாய் சொல்கிறார்கள். 'மஞ்சள் வானம் சோகத்தின் குறியீடு' என்று அந்தத் தாளில் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, தருமபுரி)

பதில்: வேண்டாம். குஸ்தாவ் கையபோத் 1877இல் வரைந்த இந்த ஓவியம் சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தை அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏ4 கலர் பிரிண்ட், ஸ்கேல், பென்சில் போதும்.

விளக்குக் கம்பத்தின் மேல் நெட்டுக்கோடு போடுங்கள். படம் பாதியாகப் பிரியும்: இடப்பக்கம் அகன்ற சந்திப்பு, வலப்பக்கம் நம்மை நோக்கி வரும் ஜோடி. அவர்கள் கண் மட்டத்தில் குறுக்குக்கோடு போட்டால், தூரத்து ஆட்களின் தலைகளும் ஏறத்தாழ அதே கோட்டில் நிற்கும். நம் நாலு ரோட்டில் நின்று பார்த்தாலும் அப்படித்தான். தள்ளிப் போகப் போகத் தலை இறங்காது, கால்தான் மேலேறும். ஓவியர் நம்மையும் அந்தத் தெருவில் நிறுத்திவிட்டார் என்பதே இதன் பொருள்.

பிறகு பார்வைகள். கைகோத்து வரும் ஜோடி ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எதிரே ஒருவர், முதுகுதான் தெரிகிறது, அதிலும் பாதி படத்தின் விளிம்புக்கு வெளியே, குடை இடிக்கும் தூரத்தில். மழைத்துளி ஒன்றுகூட வரையவில்லை. ஈரக்கல்லின் பளபளப்பே மழை. பின்னால் ஏணி தூக்கிப் போகிறவரை மகளையே தேடச் சொல்லுங்கள். உழைப்பவர் ஏன் அவ்வளவு சிறிது? இதை எழுதினாலே ஒரு பக்கம் வரும்.

அந்த மஞ்சள், காலப்போக்கில் நிறம் மாறிய வார்னிஷும் பிற்காலத்தில் யாரோ பூசிய பூச்சும். 2014 வாக்கில் சுத்தம் செய்தபோது நீலம் கலந்த வானம் வெளிப்பட்டது. நிறத்துக்குப் பொருளே இல்லையா என்றால், ஓவியரே வைத்த நிறத்துக்கு உண்டு. எல்லாக் குடைகளும் ஒரே சாம்பல் என்பதை எழுதலாம். ஆனால் சுத்தம் செய்த பின் எடுத்த படத்தைப் பார்த்து மட்டும். பழைய படத்தை வைத்து நிறம் பேசினால் வார்னிஷுக்குத்தான் விளக்கம் எழுதுவீர்கள். ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பக்கம் கேட்டால், பிள்ளைகள் இந்தத் தாள்களிடம்தான் போவார்கள்.

முன்பணம் கொடுத்திருந்தால், போன் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தூரிகை மேடுகள் உருவங்களின் விளிம்போடு ஒட்டாமல் தன்போக்கில் ஓடினால், அது பிரிண்ட்டின் மேல் பூசிய ஜெல். 'கையால் வரைந்தது' என்று சொல்லி விற்றிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.