மீன்பிடிக்கப் போக ட்ரக் வேண்டாம் தம்பி, ஒரு வான் போதும்

தம்பி, நீங்கள் எழுதியது இதுதான்: கனடாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது, ஸ்காபரோவில் இருக்கிறீர்கள், வாகனம் ஓட்டுகிற ஜி2 லைசன்ஸ் கிடைத்துவிட்டது. சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு சிம்கோ ஏரிக்கும் ரைஸ் லேக்குக்கும் மீன்பிடிக்கப் போக எஃப்-150 ட்ரக் எடுக்கலாமா, அல்லது பெரிய எஸ்யூவி நல்லதா என்று கேட்கிறீர்கள். டீலர் 84 மாதக் கடனுக்கு ஓம் என்றுவிட்டாராம். கூடவே எந்தத் தூண்டில் நல்லது, எந்த ஏரியில் என்ன மீன், பிறகு ஒரு சின்னப் படகு இழுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தூண்டிலையும் ஏரியையும் விடுங்கள். காரைநகர்ப் பிள்ளைக்குத் தூண்டில் போட நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மாதம் எங்கே என்ன பிடிபடும் என்று ஏரிக்கரையில் நிற்கிற எவரைக் கேட்டாலும் சொல்லுவார். என் மனதைக் குடைவது அந்த 84 மாதம்தான்.

84 மாதம் என்றால் ஏழு வருடம். 40,000 டொலருக்கு 9 வீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 640 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். முடிகிறபோது வட்டி மட்டும் 14,000 டொலர் போயிருக்கும். அந்த வட்டிக் காசுக்கே மீன்பிடிக்கப் போக நல்ல பழைய வான் ஒன்று வாங்கலாம். இடையில் வேலை மாறி ட்ரக்கை விற்கப் போனால், அதன் பெறுமதியைவிடக் கடன் கூடவாக நிற்கும். அப்போது அதே டீலர் சிரித்த முகத்தோடு, மிச்சக் கடனைப் புது வாகனத்தின் கடனோடு சேர்த்துவிடலாம் என்பார். நம்முடைய ஆட்கள் எத்தனையோ பேர் ஒரு வாகனத்தின் கடனை அடுத்த வாகனத்துக்குக் காவிக்கொண்டு திரிகிறார்கள். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போனால் வாசலில் நிற்கிற வாகனங்களைப் பார்த்துத்தான் ஆளை மதிக்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் சிக்கி, கிழமையில் இரண்டு வேலை செய்து, ஏரிக்குப் போக ஒரு ஞாயிறு கூட மிஞ்சாமல் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுக்கிற உரிமை கிடையாது. இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்று அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள். விளம்பரத்தில் போட்ட விலையில் வரியும் லைசன்ஸ் கட்டணமும் தவிர எல்லாம் அடங்கியிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று மேலே கேட்டால் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்பதையும் வாகனம் வாங்குமுன் கேளுங்கள். இங்கே இன்சூரன்ஸ் வாகனத்துக்கு மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கிற தபால் குறியீட்டுக்கும் சேர்த்துத்தான். ஊரில் வாகனம் ஓட்டியிருந்தால் அதற்கான கடிதம் எடுத்து வையுங்கள். சில கம்பனிகள் அதைக் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது. நாலு இடத்தில் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, எந்த வாகனம்? வான்தான். மினிவான். பிள்ளை குட்டிக்காரரின் வாகனம் என்று இளம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஏழு அடித் தூண்டிலைக் கழற்றாமல் நீட்டி வைக்கலாம், மீன் பெட்டி, நாற்காலிகள், மழைச் சட்டை, குளிர்காலத்தில் ஐஸ் துளைக்கிற கருவி, இழுத்துப் போகிற சறுக்குப் பலகை எல்லாம் உள்ளே போகும், மேலாக நாலு பேர் இருக்கலாம். ட்ரக்கில் இதையெல்லாம் திறந்த தட்டில் மழையிலும் பனியிலும் போட வேண்டும், இல்லையென்றால் மூடி வாங்கிப் பூட்ட வேண்டும். விண்ட்சரில் 2020 வரை செய்த டொட்ஜ் கிராண்ட் கரவான் பலவற்றில் நடு இருக்கைகளும் பின் இருக்கையும் மடிந்து தரைக்குள்ளேயே போய்விடும். கியர்பொக்ஸ் பற்றிக் குறை சொல்பவர்கள் உண்டு, ஆனால் பழையது மலிவு, எந்தச் சின்ன ஊர்க் கராச்சிலும் திருத்துவார்கள். ஹொண்டா ஒடிசியில் நடு இருக்கையைத் தூக்கிக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டும், நல்ல பாரம். ரொயோட்டா சியன்னா நீண்ட காலம் ஓடும், விலையும் அதற்கேற்ப. ஆனால் 2021இலிருந்து வந்த சியன்னாவில் நடு இருக்கைகளைக் கழற்ற முடியாது. அதற்கு முந்திய, நாலு சில்லும் இழுக்கிற சியன்னாவில் மேலதிக ரயர் இல்லை. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுகிற ரயர் போட்டு விற்றார்கள். ஏரிக்கரைச் சரளை வீதியில், போன் எடுக்காத இடத்தில் அது கிழிந்தால் இழுவை வண்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஏரிக்குப் போகிறவருக்கு முன் சில்லு இழுக்கிற வானும் மேலதிக ரயரும் மேல்.

எஸ்யூவி கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு பேரும் சாமானும் ஏறினால் நடுத்தர எஸ்யூவியில் மீன் பெட்டி ஒருவருடைய மடியில்தான்.

இனிக் கறள். கனடாவில் பழைய வாகனம் வாங்குகிறவர் எஞ்சினுக்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். குளிர்காலம் முழுக்க வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். அது வாகனத்தின் அடியைத் தின்கிறது.

நான் 1991 பெப்ரவரியில் வந்து இறங்கினேன். வெலஸ்லி வீதி மாடிக் கட்டடம் ஒன்றில் பாய் விரிக்க இடமில்லாமல் முறை வைத்துப் படுத்தோம். பகல் வேலைக்காரர் எழும்பிப் போக, இரவு ஒரு சமையலறையில் கோப்பை கழுவிவிட்டு வருகிற நான் அதே இடத்தில் படுப்பேன். அந்த வீட்டில் மூத்தவர் ஒரு குருநகர் அண்ணர். ஊரில் கடலோடு வாழ்ந்த மனுசன். இங்கே குளிர்பெட்டி மீனைப் பார்த்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சேர்த்த காசில் ஒரு பழைய வான் வாங்கினார். விற்றவர் நம்முடைய ஆள்தான். அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசி, நல்லாகப் பராமரித்த வாகனம் என்று சொல்லிக் கொடுத்தார். அந்தக் கோடையில் ஜாக்சன்ஸ் பொயின்ற்றில் மீன் பிடித்துவிட்டு 48ஆம் இலக்க வீதியால் திரும்பி வரும்போது, பிரேக் மிதி ஒரே மிதியில் தரையோடு போய் ஒட்டியது. பிரேக் எண்ணெய் போகிற குழாய் கறள் பிடித்து வெடித்துவிட்டது. அண்ணர் கியரைக் குறைத்து, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு சோள வயல் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வானைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், தார் பூச்சை விரலால் உரித்துக் காட்டினார். உள்ளே இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விற்றவரிடம் போனால், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். ஊர்க்காரன், சொந்தக்காரன் என்று நம்பி வாங்குவதை அன்றோடு எங்கள் வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம்.

ஆகவே, பழைய வாகனத்தின் அடியில் புத்தம் புதிய கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தேகப்படுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டை அமுக்கிப் பாருங்கள். பின் சில்லுக்கு மேலே பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, பின் கதவின் கீழ் விளிம்பு வீங்கியிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். அடியில் தொங்குகிற மேலதிக ரயர் உண்மையாகவே கீழே இறங்குகிறதா என்று இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், அந்தக் கம்பியும் கறளில் இறுகிவிடும். பிறகு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பாருங்கள். விற்கிறவர் அதற்கு மறுத்தால் அந்த வாகனம் உங்களுக்கு வேண்டாம்.

தனியாரிடம் வாங்கினால் அரசாங்கத்தின் 20 டொலர் வாகனத் தகவல் பொதியை அவர் தர வேண்டும். முன்பு யார் யார் பெயரில் இருந்தது, வாகனத்தின் மேல் கடன் நிற்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். கடன் நிற்கிற வாகனத்தை வாங்கினால், கடன் கொடுத்தவர் உங்கள் வாசலில் வந்து வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். சேஃப்டி சான்றிதழ் இருக்கிறது என்பதை உத்தரவாதமாக எடுக்காதீர்கள். அது 36 நாளைக்குத்தான் செல்லும், பரிசோதித்த அன்றைக்கு ஓடக்கூடிய நிலையில் இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். வரி 13 வீதம். வாங்கிய விலையைக் குறைத்து எழுதினால் வரி மிச்சம் என்று சிலர் காதில் ஓதுவார்கள். அது களவு, அதோடு பலனும் இல்லை. அரசாங்கத்திடம் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு மொத்த விலைக் கணக்கு இருக்கிறது, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி.

வாங்கிய பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலமும் கறள் பிடிக்காமல் அடியில் எண்ணெய் அடிக்க வேண்டும். குளிர்கால ரயர் கட்டாயம் போடுங்கள். மலை உருவத்துக்குள் பனிப்பூ அடையாளம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 7 பாகைக்குக் கீழே போனால் மற்ற ரயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு விட்டுவிடும். குளிர்கால ரயருக்கு இன்சூரன்ஸ் கம்பனிகள் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016இலிருந்து ஒன்ராறியோவில் விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். என்னுடைய வானுக்கு ரயர் மாற்றுவதும் எண்ணெய் அடிப்பதும் நானேதான். ஊரில் சைக்கிளைத் தவிர வேறொன்றையும் கழற்றிப் பார்க்காதவன், இங்கே வந்து கற்றுக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கும்பிட்டுக் கேட்கிறேன். மற்றவர்கள் ஏற்றுகிறார்கள் என்று வாகனத்தை உறைந்த ஏரிக்கு மேல் ஏற்றாதீர்கள். வெள்ளையாகத் தெரிகிற ஐஸுக்கு, தெளிந்த நீல ஐஸின் பாதிப் பலம்தான். கரையில் நிறுத்திவிட்டுச் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு நடந்து போங்கள்.

படகு பிறகு பார்க்கலாம். சின்ன அலுமினியப் படகு என்றால் வானே இழுக்கும். ஒடிசியும் சியன்னாவும் மொடலைப் பொறுத்து 3,500 இறாத்தல் வரை இழுக்கக் கூடியவை, எஸ்யூவியான ஹொண்டா சிஆர்-வி கூடியது 1,500தான். மோட்டார் பூட்டிய படகு ஓட்ட அதற்கென்று ஒரு அட்டை வேண்டும், பரீட்சை எழுதி எடுக்க வேண்டும்.

மீன் லைசன்ஸும் அதோடு வைத்திருக்க வேண்டிய அவுட்டோர்ஸ் கார்டும் எடுத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். நம்மவர்கள் மாட்டுப்படுகிற இடம் இன்னொன்று: வாகனம் மணக்கும் என்று கரையிலேயே மீனை வெட்டித் துண்டாக்கி ஒரே பையில் போட்டுக் கொண்டு வருவார்கள். வாகனத்தில் கொண்டுபோகிற மீன் எத்தனை, என்ன இனம் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும். அதிகாரிகள் வாகனத்தை மறித்து மீன் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். சிம்கோவில் முழு லைசன்ஸுக்கு 50 மஞ்சள் பேர்ச், குறைவாகப் பிடிக்க எடுக்கிற கொன்சர்வேஷன் லைசன்ஸுக்கு 25. அதற்கு மேல் ஒன்று கூட வேண்டாம். இலையுதிர் காலத்தில் போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்றுக்கு சாமன் ஏறும்போது, முட்டையை மட்டும் எடுத்துவிட்டு மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நாட்டுக்காரர் செய்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்மவர் செய்தால் நேரே போய்ச் சொல்லிவிடுவேன். மணம் பிரச்சினை என்றால், பின்னால் விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்புப் போட்டு, ஐஸ் நிறைத்த பெட்டியில் முழு மீனாகக் கொண்டு வாருங்கள். என் மனுசியே அதற்குப் பிறகு குறை சொல்வதை விட்டுவிட்டா.

குருநகர் அண்ணர் வெடித்த பிரேக் குழாயை மாற்றி அந்த வானை மேலும் சில காலம் ஓட்டினார். ஏப்ரல் மாத இரவுகளில் ஒன்ராறியோ ஏரிக்கரைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போவார். கரைக்கு ஏறி வருகிற ஸ்மெல்ட் மீனைக் கைவலையால் அள்ளுவோம். நெத்தலியைவிடக் கொஞ்சம் பெரிது. பிடித்த கையோடு முகர்ந்தால் வெள்ளரிக்காய் மணக்கும். விடியப்புறம் வந்து மஞ்சளும் மிளகாய்த் தூளும் பிரட்டிப் பொரித்து, வேலைக்குப் போகிறவர்களும் வேலையால் வந்தவர்களும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருந்தது அந்த நாட்களில்தான். இப்போது அந்த மீன் அப்படி வருவதில்லை. அண்ணரும் இல்லை.

வான் பார்க்கப் போகிற அன்று எனக்கும் சொல்லுங்கள், நானும் வருகிறேன். பகலில் போவோம். மழை பெய்தால் வேறு நாள் வைத்துக்கொள்ளலாம், நனைந்த வாகனத்தில் கொப்பளித்த பெயின்ட் கண்ணுக்குத் தெரியாது.