சிறுகுடல் முடிவில் 8 மி.மீ. தடிப்பு

அப்பாவின் சீ.ரீ. ஸ்கான் ரிப்போர்ட்டில் சிறுகுடல் முடிவு 8 மி.மீ. தடிப்பு, இரண்டு மாதமாய் மெலிவு, பின்னேரக் காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். தடிப்பு நோயின் பெயரல்ல. விரிந்த குடலில் சுவர் 3 மி.மீ. வரை இருப்பது வழமை, குடல் சுருங்கிக் கிடந்தால் அதைவிடத் தடிப்பாகத் தெரியும், ஆனாலும் 8 ஐ அப்படித் தள்ள ஏலாது.

கிருமித் தொற்று, குரோன்ஸ் (குடலில் நாட்பட்ட அழற்சி நோய்), குடல் காசநோய் மூன்றும் படத்தில் ஒரேமாதிரி இருக்கும். தொற்றென்றால் பெரும்பாலும் சில கிழமையில் அடங்கும். ஒருபக்கம் மட்டும் கட்டிபோல் தடித்திருந்தால் புற்றுநோயையும் பார்க்கவேண்டும்.

இந்தக் குறிகளுக்கு நான் காசநோயைத்தான் முதலில் தேடுவேன். கொலனோஸ்கோப்பியில் (மலவாசல் வழியாக கமரா விட்டுக் குடலைப் பார்ப்பது) எடுக்கும் சதைத்துண்டுகளில் சிலவற்றை, சதையைப் பதப்படுத்தும் போமலினில் போடாமல், சேலைனில் (உப்புநீரில்) கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பச் சொல்லுங்கள். போமலின் கிருமியைக் கொன்றுவிடும். அதற்குமுன் குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்ட் (அழற்சியை அடக்கும் மருந்து) வேண்டாம், காசநோயாக இருந்தால் பரவும். நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனைக்கு திருகோணமலை மார்புநோய் கிளினிக் போதும்.

வயிறு ஊதி, வாந்தியோடு காற்றும் பிரியாவிட்டால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.