கடலே இல்லாத மதுரையில், வீட்டு ஹாலில் பழைய கடல் வரைபடத்தின் நகலை மாட்டினால் பொருத்தமாக இருக்குமா?

தாராளமாக மாட்டலாம். "கடலே இல்லாத மதுரையில்" என்று கேள்வியில் இழுத்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் வீட்டுக்கு வருகிறவர்களும் படத்தைப் பார்த்ததும் "இதுல மதுரை எங்க இருக்கு?" என்பார்கள். மதுரை இல்லை. கப்பல்காரனுக்குக் கரையில் கண்ணில் படுகிற கோபுரமும் மேடும் போதும், உள்நாடு வெறும் வெள்ளைத்தாள். ஆனால் நம் வைகை, மிஞ்சினால், போய்ச் சேருகிற கடல்தான் என் படத்தில் இருப்பது: பாக் நீரிணை.

புது வீடு கட்டியிருப்பீர்கள், சோபாவுக்கு மேலே சுவர் காலியாக இருக்கும், ஆன்லைனில் திமிங்கிலமும் பாய்மரமும் போட்ட பழுப்பு நிறப் படம் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பீர்கள். அதை வாங்காதீர்கள். பிரிட்டிஷ் கடற்படையின் 19ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் திமிங்கிலமெல்லாம் கிடையாது. செப்புத் தகட்டில் செதுக்கி, வெள்ளைத்தாளில் கறுப்பு மையில் அடித்தவை. அதில் அழகே கடலின் ஆழத்தைக் குறிக்கிற எண்கள்தான்.

இதை நான் காசைத் தொலைத்துத்தான் கற்றுக்கொண்டேன். என் மாமனார் பாம்பன்காரர். வள்ளத்தில் போனவர். முட்டி போனபிறகு எங்களோடு மதுரைக்கு வந்துவிட்டார். அவருக்காக ஒரு பழைய வரைபடத்தின் ஸ்கேனைத் தேடிப் பிடித்து, பிரிண்ட் போடக் கொடுத்தேன். காதுகுத்து, சடங்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. மூன்றாம் நாள் போனால் கடல் பளிச்சென்று நீலமாக இருக்கிறது, ஒரு புள்ளி இல்லை. "ஸ்கேன்ல தூசி நிறைய இருந்துச்சு சார், எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன்" என்றான் டிசைன் போடுகிற தம்பி. அவன் தூசி என்று துடைத்தது ஆழ எண்களையும் மணல் திட்டுகளையும்! எண்களுக்கு நடுவே ஒற்றை ஆங்கில எழுத்து வேறு இருக்கும், எம் என்றால் சேறு, எஸ் என்றால் மணல். ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்கி, ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக் குறித்தவை. அவ்வளவும் போச்சு. அவனைக் குறை சொல்லவில்லை, மாப்பிள்ளை முகத்துப் பருவைத் துடைத்துப் பழகிய கை.

மறுபடி வேறு இடத்தில் அடித்தேன். ஸ்கேன் எத்தனை பிக்சல் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். 36 அங்குல அகலத்துக்கு அங்குலத்துக்கு 300 வீதம் என்றால் 10,800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த 1,500 பிக்சல் படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் எண்ணெல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிடும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், மேட் பேப்பர். ஃப்ரேம் கடையில் ஓரத்தை வெட்ட விடாதீர்கள், அட்சரேகை, தீர்க்கரேகையின் டிகிரி அளவு அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது படத்தை மாமா கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு, பாம்பனிலிருந்து வடக்கே விரலை நகர்த்தி, "நாலு பாகம்... அஞ்சு... இங்க மூணுதான்" என்று வாசித்தார். எனக்கு ஆச்சரியம். படத்தில் ஆழத்தைக் குறித்திருக்கிற ஃபாதம் என்றால் ஆறடி என்று நான் விளக்க ஆரம்பித்ததும், இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "இதானே மாப்ள? வெள்ளைக்காரனும் கைய விரிச்சுத்தான் அளந்திருக்கான்" என்றார். நம்மாட்கள் ஒரு பாகம் என்பதும் அதே கைவிரிப்புதான். அப்புறம் ஓரிடத்தில் விரலை நிறுத்தி, இது தப்பு, இங்கே இவ்வளவு தண்ணீர் கிடையாது என்று சண்டைக்கு நின்றார். மணல் இடம் மாறியிருக்கும் மாமா என்றேன், ஒப்பவில்லை. பாலம் எங்கே என்று தேடினார். பாலம் திறந்ததே 1914இல், இது அதற்கு முந்தைய படம்.

வெள்ளைக்காரன் படத்தை மாட்டுவது அடிமைப்புத்தி என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள், தெரியும். அவன் அளந்தது வியாபாரத்துக்கும் போருக்கும்தான். பாக் என்பதே 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர். 1795இல் பிரிட்டிஷ் கடற்படையின் வரைபட அலுவலகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரான அலெக்சாண்டர் டால்ரிம்பிளும், மதராஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாவாக வந்தவர். அதனால் எனக்கு அவர்கள் மேல் பாசம் ஒன்றும் இல்லை. என் மாமனாரின் கடல் அதில் இருக்கிறது, அவ்வளவுதான். கன்னி மூலையில் தண்ணீர்ப் படம் ஆகாது என்று என் அக்கா சொன்னதையும் கேட்டுக்கொண்டேன், அதோடு சரி.

கடைசியாக ஆணி. வாடகை வீடு என்றால் ஜாக்கிரதை. போன வீட்டைக் காலி செய்தபோது, நாலு ஆணி ஓட்டைக்கு முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்த காசை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். இப்போதைய வீட்டில் ஆணியே அடிக்கக் கூடாதாம். படம் மாமாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் சாய்ந்து நிற்கிறது. படுத்துக்கொண்டே பார்க்க இதுதான் தோது என்கிறார்.