கல்லூரி கூடைப்பந்து ஆட்டம் ஏன் இப்படி மாறியது? கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரி அணிகளில் ஆடுகிறவர்களும், ஒரு காலத்தில் ஆடியவர்களும் கேட்டவை இவை. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலூர், பி.காம். மாணவர்: சார், அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் ஏன் எல்லாரும் வெளியே நின்றே ஷாட் அடிக்கிறார்கள்?

கணக்குதான் தம்பி. 15 அடியில் நின்று நூறு ஷாட்டில் 40 போட்டால் 80 புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று 35 போட்டாலே 105. அங்கே கல்லூரி ஆட்டத்துக்கு இந்தக் கோடு நாடு முழுக்க வந்தது 1986-87 சீசனில், 19 அடி 9 அங்குலத்தில். பிராவிடென்ஸ் அணியின் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ முதல் சீசனிலேயே அதை நம்பி ஆடவைத்து, அணியைத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக்கினார். 2008-09இல் கோட்டை ஓர் அடி தள்ளினார்கள், அப்படியும் குறையவில்லை. 2018 தேசியப் போட்டியின் அரையிறுதியில் கேன்சஸுக்கு எதிராக வில்லனோவா 18 மூன்று புள்ளி ஷாட் போட்டது. 2019-20இல் ஆண்கள் கோடு நம்முடையதைப் போலவே 6.75 மீட்டருக்குப் போனது.

அண்ணா நகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: முன்னிலை கிடைத்துவிட்டால் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தே நேரத்தை ஓட்டிவிடுவோம். அந்தத் திறமையெல்லாம் எங்கே போனது?

ஐயா, அது திறமைதான், மறுக்க மாட்டேன். அமெரிக்காவில் நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் அதை ஒரு முறையாகவே வளர்த்தார். நான்கு பேர் நான்கு மூலையில், நடுவே பந்து கையாளத் தெரிந்த ஒருவர். 1982இல் வர்ஜீனியாவுக்கு எதிரான ஏசிசி (அந்த வட்டாரக் கல்லூரிகளின் போட்டி) இறுதியாட்டம் 47-45 என்று முடிந்தது. கடைசிக் கட்டத்தில் நெடுநேரம் பந்து ரிங் பக்கமே போகவில்லை. பார்த்தவர்களுக்குப் பொறுமை போய்விட்டது.

அங்கே 1985-86இல் ஷாட் கிளாக் வந்தது, அதாவது பந்து கிடைத்த அணி ஷாட் அடிக்க நேர வரம்பு, 45 விநாடி. 1993-94இல் 35, 2015-16இல் 30. நம் கல்லூரிகள் ஆடுவது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில். இங்கே 2000ஆம் ஆண்டிலேயே 30 விநாடி 24 ஆகிவிட்டது. பந்தை அரைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவரவே 8 விநாடி வரை போய்விடும். மிச்சமிருக்கிற நேரத்தில் பத்துப் பாஸ் போட்டு எதிரணியைக் களைக்கவைக்க முடியாது. முதல் பாஸிலேயே இடைவெளி தெரிய வேண்டும். உங்கள் காலத்துப் பாஸிங் கண் இப்போதைய பிள்ளைகளுக்குத்தான் அதிகம் தேவை, அதையே வேகமாகச் செய்ய வேண்டும். முடிந்தால் ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுங்கள்.

உசிலம்பட்டி: அண்ணே, நான் ஆறடி மூணு அங்குலம். பள்ளியிலிருந்து பிவட்தான், ரிங்கடியில் நின்று ஆடுகிறவன். இனிமேல் பிவட்டுக்கு இடமே இல்லை என்கிறார்களே?

நம்பாதே தம்பி. பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி, 7 அடி 4 அங்குலம், 2023, 2024 இரண்டு வருடமும் அங்கே சிறந்த ஆட்டக்காரர். உள்ளே நின்றே ஆடினார். 2024இல் அணியை இறுதிவரை கொண்டுபோனார்.

ஆனால் உனக்கும் எனக்கும் அந்த உயரம் இல்லை. பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போய்ப் பார், உன்னைவிட உயரமானவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஆகவே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பீட் கரில் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தைத் தேடிப் பார். பிவட் ரிங்கடியை விட்டு ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் வந்து பந்தை வாங்குவார். காவல் காக்கிறவன் பந்தையே பார்த்திருக்கும்போது சக ஆட்டக்காரர் அவன் முதுகுக்குப் பின்னால் வெட்டி ஓடுவார், பந்து அங்கே போகும், லே-அப், அதாவது ரிங்கருகே ஓடிப்போய்ப் போடும் கூடை. 1996இல் நடப்புச் சாம்பியனான யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை பிரின்ஸ்டன் 43-41 என்று சாய்த்த கடைசிக் கூடை அப்படி வந்ததுதான். ஸ்கிரீன் (காவல்காரனின் வழியை மறித்து நிற்பது), பாஸ், அப்புறம் 15 அடி ஷாட். இந்த மூன்றையும் கற்றுக்கொள், எந்தப் பயிற்சியாளரும் உன்னை வெளியே உட்காரவைக்க மாட்டார்.

திருமங்கலம்: ஆளுக்கு ஆள் காக்காமல் இடத்தைக் காக்கும் ஜோன் டிஃபென்ஸ் செத்துவிட்டதா?

இல்லை. அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் முன்னே இருவர், பின்னே மூவர் நிற்கும் 2-3 ஜோனை வைத்தே 2003இல் தேசியப் பட்டம் வென்றது. மூலையில் நிற்கிற ஷூட்டரை நோக்கி ஓடக் கால் இருந்தால் ஆடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

சொக்கிகுளம், கல்லூரிப் பெண்கள் அணி: கெய்ட்லின் கிளார்க் மாதிரி தூரத்திலிருந்து அடிக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது சார்?

நல்ல ஆசைம்மா. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அணியில் 3,951 புள்ளி எடுத்தவர் அவர். அந்தத் தூரம் கையால் வருவதில்லை, காலால் வருகிறது. ஃப்ரீ த்ரோ கோட்டில் வடிவம் கெடாமல் தொடர்ந்து போட வரட்டும், பிறகு ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று பின்னால் போ. தோளைத் தூக்கி எறிய ஆரம்பித்தால் அன்றைக்கு அந்தத் தூரம் போதும். பயிற்சிக்கு 6ஆம் எண் பந்துதான் எடுக்க வேண்டும். ஆண்களின் 7ஆம் எண் பந்தை வைத்துப் பழகாதே.

தெப்பக்குளம்: எங்கள் சிமென்ட் கோர்ட்டில் ஷாட் கிளாக்கே இல்லை. புது ஆட்டத்தை எப்படிப் பழகுவது?

ஒருவர் வெளியே நின்று 24, 23 என்று சத்தமாக எண்ணட்டும். ஷாட் தவறி ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து (ரீபவுண்ட்) தாக்கும் அணிக்கே கிடைத்தால் 14இலிருந்து எண்ண வேண்டும். நாலு நாளில் பிள்ளைகளின் கால் மாறும். அப்புறம் மூன்று புள்ளிக் கோட்டை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஃபிபா 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்கு மாறியது 2010இல். அதற்கு முன் அடித்த பெயின்ட் என்றால் உங்கள் பிள்ளைகள் அரை மீட்டர் உள்ளே நின்று பழகுகிறார்கள். ரிங்கின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே தரையில் டேப்பை வையுங்கள், போர்டுக்கு அடியில் வைக்காதீர்கள். மூலையில் மட்டும் அளவு வேறு: அங்கே பக்கக்கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேர்கோடாக வர வேண்டும்.