பெரிய பெயருள்ள கல்லூரிக்குக் கடன் வேண்டாம்

ஐயா, கட்டடக்கலை படித்து, குடிசைவாழ் மக்களோடு சேர்ந்து வீடு திட்டமிடும் வேலைக்குப் போக ஆசைப்படும் மகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் நாலைந்து வரிதான் இருக்கிறது. மீதியெல்லாம் அவளுடைய பெரியப்பாவும் மாமாவும் சொன்னவை. கட்டடக்கலைதான் வேண்டுமென்றால் கடன் வாங்கியாவது உலகத் தரவரிசைக் கல்லூரிக்கு அனுப்பு என்கிறார் ஒருவர். குடிசைவாழ் மக்களோடு உட்கார்ந்து வீடு திட்டமிடுவதெல்லாம் ஒரு வேலையா என்கிறார் இன்னொருவர். கவலைப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கடன் தொகையைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதற்கு உங்களைச் சுற்றி நிறைய ஆள் இருக்கிறது. உங்கள் மகள் கேட்கும் வேலை என்னவென்று பார்ப்போம்.

சிலி நாட்டின் இகிகே நகரில், நடு ஊரில், அரை ஹெக்டேர் நிலத்தில் ஏறத்தாழ நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகப் பட்டா இல்லாமல் குடியிருந்தன. அரசு மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர்; நிலம், வடிகால், வீடு எல்லாம் அதற்குள். ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டால் கணக்கு சுலபம். அவர்கள் போகமாட்டோம் என்றார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் இங்கேதானே இருக்கின்றன. கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலமெண்டல் குழு அவர்களோடு உட்கார்ந்து பேசி, நல்ல வீடு ஒன்றில் பாதியை மட்டும் கட்டிக் கொடுத்தது. எந்தப் பாதி தெரியுமா? சமையலறை, குளியலறை, படிக்கட்டு, வீடுகளுக்கு இடையிலான சுவர். ஒரு குடும்பம் தனியாகக் கட்டச் சிரமப்படும் பாதி. பக்கத்தில் விட்ட இடைவெளியை அவரவர் வசதிக்கேற்ப, பணம் சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். முதல் கட்டம் 2004-ல் முடிந்தது. அரவேனாவுக்கு 2016-ல் கட்டடக்கலையின் மிக உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. இதைப் பெரியப்பாவிடம் சொல்லுங்கள், பரிசென்றால் அவருக்குப் புரியும்.

2010-ல் நிலநடுக்கமும் சுனாமியும் சிதைத்த, சிலியின் கான்ஸ்டிடுசியோன் நகரத்துக்கும் அதே குழு நூறு நாளில் திட்டம் போட்டது. நிபுணர்களின் கவலை அடுத்த சுனாமி. மக்களோ, அது எப்போதோ வரும், வருஷா வருஷம் மழைத்தண்ணீர் தேங்குகிறதே, அதற்கு என்ன வழி என்று கேட்டார்கள். கரையில் தடுப்புச் சுவருக்குப் பதிலாகக் காடு வளர்ப்பது என்று முடிவானது. அலையின் வேகத்தையும் அது குறைக்கும், மழைவெள்ளத்துக்கும் உதவும், ஊருக்குப் பொது இடமும் ஆகும்.

அன்றாட வேலை இவ்வளவு பளபளப்பாக இருக்காது. வீடுவீடாக டேப் பிடித்து அளக்க வேண்டும். அட்டை மாடலைக் கூட்டத்தின் நடுவே வைத்து, யார் வேண்டுமானாலும் சுவரை நகர்த்திப் பார்க்கவிட வேண்டும். எஸ்டிமேட் போட வேண்டும், நில உரிமைச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு தெரு சண்டை போட்டால் பொறுமையாக உட்கார வேண்டும். நகராட்சி வீட்டுவசதிப் பிரிவு, வீட்டுவசதிக் கூட்டுறவுகள், பேரிடர் மறுகட்டுமானத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று வேலை இருக்கிறது. ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு, பல இடங்களில் திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும்.

அதனால்தான் கடன் வேண்டாம் என்கிறேன். மாதாமாதம் பெரிய தவணை கட்டும் பெண் இந்த வேலையில் நிலைக்க மாட்டாள். தவணைக்காகவே கண்ணாடிக் கோபுரம் வரையும் அலுவலகத்துக்குப் போய்விடுவாள். இந்தத் துறையின் முதல் சம்பளத்தில் அடைக்க முடியாத கடன் என்றால், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் விடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு இடமில்லை. கட்டடக்கலைஞராக உரிமம் பெறத் தகுதி தரும், கட்டணம் தாங்கக்கூடிய கல்லூரி போதும். போய்ப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். போன வருட மாணவர்களின் டிசைன் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். நிஜமான குடியிருப்புக்குப் போனார்களா, வரைந்ததை அந்த மக்களிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டினார்களா என்று கேளுங்கள்.

புது அடுக்குமாடி பார்க்கப் போன இடத்தில், முன்னால் இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மாமாவுக்கு எரிச்சலூட்டிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம், கேள்வி கேட்பது வேறு, கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்காருவது வேறு. விண்ணப்பம் போடுவதற்கு முன் இந்த விடுமுறையில் களத்தில் வேலை செய்யும் ஏதாவது ஓர் அமைப்பில் சில வாரம் உதவிக்குச் சேரட்டும். திரும்பி வந்து பிடிக்கவில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கல்லூரிப் பட்டியலை அதற்குப் பிறகு அவளே போடட்டும்; கட்டணத்துக்கான உச்சவரம்பை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.