வாட்டர்லூவில் இருப்பதா, டொராண்டோவுக்குப் போவதா?

தம்பி, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். "ஊர் சிறியது, படிப்பு முடிந்ததும் டொராண்டோ போய்விடு என்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தை நம்பி இங்கே தங்கலாமா?" என்பது உங்கள் கேள்வி. பதினெட்டு வருடமாக இங்கே மென்பொருள் வேலையில் இருக்கிறேன். தங்கலாம்.

இந்தப் பகுதி முன்பு தோல், ரப்பர், மரச்சாமான் ஆலைகளால் பிழைத்தது. 1957-ல் பல்கலைக்கழகத்தில் 74 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியபோதே, உள்ளூர்த் தொழிலதிபர்களின் ஆதரவோடு ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பருவம் படிப்பு, அடுத்த பருவம் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை. நீங்கள் தினமும் கேட்கும் 'கோ-ஆப்' அதுதான். இந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் செய்த நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். நான்கு மாதம் கம்பெனியில் இருந்துவிட்டு வருகிறவர் வகுப்பில் கேட்கும் கேள்வியே வேறு. வெளியே எதில் திணறுகிறார்கள் என்பது பேராசிரியர் காதுக்கும் வந்துவிடும்.

இன்னொன்று உரிமை. ஆய்வில் நீங்கள் உருவாக்குவது இங்கே பொதுவாக உங்களுக்கே சொந்தம். பல பல்கலைக்கழகங்கள் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைக் கணினியில் ஏற்றும் திட்டத்துக்காக இங்கே வளர்த்த தேடல் நுட்பம் வெளியே போய், 1991-ல் ஓப்பன்டெக்ஸ்ட் என்ற கம்பெனியானது. இன்றும் அதன் தலைமையகம் வாட்டர்லூதான்.

ஆனால் ஊரின் உண்மையான பலத்தை நான் பார்த்தது கெட்ட காலத்தில். இங்கே படித்துக்கொண்டிருந்த மைக் லாசரிடிஸ் 1984-ல் நண்பரோடு தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் கைபேசிக்குப் பெயர்போன பிளாக்பெர்ரி. 2012, 2013-ல் அது ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பியது. ஊரே முடிந்தது என்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் சிறிய கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்கு அங்கே வேலை இழந்த ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஆன்டெனா வேலையில் ஊறியவர். எங்கள் கருவியில் சிக்னல் ஏன் விட்டுவிட்டு வருகிறது என்று ஆறு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேட்டரிக்கு மேல் விரலை வைத்து, "இதை இந்தப் பக்கம் தள்ளுங்கள்" என்றார். அவ்வளவுதான். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எங்களுக்குக் கிடைக்காத அறிவு அன்று மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. அவருக்குக் கீழே அந்தப் பருவம் வேலை பார்த்த இரண்டு கோ-ஆப் மாணவர்கள் இப்போது தனியாகக் கம்பெனி நடத்துகிறார்கள்.

ஒரே ஆலையை நம்பிய ஊரில் ஆலை மூடினால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். இங்கே பருவம் தவறாமல் புது மாணவர்கள் வந்துகொண்டே இருந்ததால் அவர்களைத் தேடிக் கம்பெனிகளும் வந்தன. பக்கத்து ஊரான கிச்சனரில் கூகுள் இவ்வளவு பெரிய அலுவலகம் வைத்திருப்பதற்கு வேறு பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வங்கி, நிதித்துறைதான் குறி என்றால் டொராண்டோவுக்குப் போங்கள், அங்கே வாய்ப்பு அதிகம். மென்பொருள், கணினிச் சில்லு, குவாண்டம் கணினி என்றால் முதல் சில வருடங்களாவது இங்கே இருங்கள்.

இருந்தும் ஆய்வகத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தால் பிரயோஜனமில்லை. உங்கள் படிப்பில் கோ-ஆப் உண்டா என்று துறை அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். சில முதுநிலைப் படிப்புகளுக்கு அது கிடையாது. இல்லையென்றால் மாணவர்கள் கம்பெனி தொடங்க உதவும் வெலாசிட்டி அமைப்பின் கூட்டங்களுக்குப் போங்கள். யாருக்கு என்ன தெரியும் என்பது அங்கேதான் புரியும். உங்கள் வழிகாட்டியின் ஆய்வுக்கு வெளிக் கம்பெனி பணம் தருகிறதா என்றும் கேட்டுவையுங்கள். தருகிறது என்றால், உரிமை யாருக்கு என்பதை அந்த ஒப்பந்தம் மாற்றியிருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கங்களை முழுதாகப் படியுங்கள். புரியாத இடத்தைக் குறித்து எனக்கு எழுதினால், சேர்ந்து பார்ப்போம்.